தாயை இழந்த முயற்குட்டி

நிலத்தை நம்பி வாழ்கின்ற நம்மவருக்குப் பயிரோடு மட்டுமன்றிப் பயிரில் ஒதுங்கும் உயிர்களோடும் உறவு உண்டு. மல்லாட்டைக் கொடி பிடுங்கும் நாட்களிலும், நெல் அறுக்கும் நாட்களிலும், கரும்புத் தோகை கழிக்கும் நாட்களிலும் நம் அங்கத்தினர் பலர் காணும் காட்சி ஒன்றுண்டு. கொடிகளுக்கிடையே, உள்ளங்கையில் அடங்கும் அளவில், மண்நிறத்தில் ஒரு முயற்குட்டி அசையாமல் படுத்திருக்கும். அருகில் தாயைக் காணோம். ஆள் நெருங்கினாலும் அது ஓடுவதில்லை. 'பாவம், தாயற்ற குட்டி' என்று இரக்கங்கொண்டு துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம். இரண்டொரு நாட்களில் அது இறந்துபோகிறது. 'காட்டு முயல் வீட்டில் தங்காது' என்று சொல்லி ஆறுதல் கொள்கிறோம்.

அந்தச் சொல் பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாமையால்தான் குட்டிகள் மடிகின்றன. இதனை இக்கட்டுரையாளன் தன் பிழையாலேயே கற்றான். ஆகையால் அப்பிழையை முதலில் சொல்லிவிடுவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள எங்கள் புன்செயில் மல்லாட்டை பிடுங்கிக் கொண்டிருந்தோம். வேலைக்கு வந்திருந்த அம்மாள் ஒருவர் இரண்டு முயற்குட்டிகளைக் கண்டு, "அண்ணே, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது போலிருக்கிறது, நாய் கண்டால் விடாது" என்று மடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். பசும்பாலில் சர்க்கரை கலந்து, கைக்குழந்தைக்குப் புகட்டுவது போலவே குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையால் ஊற்றினோம். பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கையில் வைத்துக் கொஞ்சினார்கள். அன்றிரவே ஒரு குட்டி மூக்கின் வழியே பால் வழிய இறந்தது. மற்றது மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கால் இறந்தது. பின்னர் மிருக வைத்தியர் ஒருவரிடம் இதைக் கூறியபோது, அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தாய் அன்றிரவு உங்கள் நிலத்துக்கு வந்து தேடியிருக்கும்" என்றார். அந்த ஒரு சொல் இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

எங்கே தவறினோம் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நம் காட்டு முயல் எது?

நம் பக்கத்தில் முயல் என்று ஒரே சொல்லால் இரண்டு வேறு பிராணிகளைக் குறிக்கிறோம். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல், ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியில் வளைதோண்டி வாழ்ந்த ஓர் இனத்திலிருந்து மனிதன் பழக்கி எடுத்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுவது இவ்வினமே. அங்கோரா கம்பள நூல் தருவதும் இவ்வினத்தின் ஒரு வகையே என்பது நெசவாளர் அறிந்தது.

நம் வயல்களிலும் புதர்களிலும் காண்பது அதுவன்று. பிடரியில் கருந்திட்டும், வாலின் மேற்புறத்தில் கருமையும், நீண்ட காதும், நீண்ட பின்னங்காலும் உடைய கரும்பிடரி முயல் இது. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவியுள்ளது. இது வளை தோண்டுவதில்லை. புல்லை அழுத்தித் தன் உடலளவே ஒரு பள்ளம் செய்து பகலெல்லாம் அதில் படுத்திருக்கும். மாலை மயங்கியபின் மேயப் புறப்படும். ஆண்டு முழுவதும் குட்டி ஈனும். மழைக்காலத்தையொட்டி ஈற்று மிகுதி. சினைக்காலம் ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஓர் ஈற்றில் ஒன்று முதல் நான்கு குட்டிகள் வரை உண்டு. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

இரண்டு இனத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை குட்டியில்தான் உள்ளது. வளர்ப்பு முயலின் குட்டி மயிரின்றி, கண் மூடியபடி பிறக்கிறது. கண் திறக்கச் சுமார் 10 நாட்கள் ஆகும். காட்டு முயலின் குட்டியோ உடல் முழுவதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. பிறந்த சிறிது நேரத்திலேயே நகரவும் வல்லது. ஆகவே, கண் திறந்து, மயிர் நிறைந்து, தனியே படுத்திருக்கும் சின்னஞ்சிறு குட்டியைக் கண்டால், அது கைவிடப்பட்டது என்று முடிவு செய்வதற்கில்லை. அதன் பிறவி இயல்பே அப்படி.

தாய் ஏன் அருகில் இல்லை?

நாம் பசுவையும் ஆட்டையும் பார்த்துப் பழகியவர்கள். கன்று தாயின் மடியைச் சுற்றியே திரியும். எனவே தாயைக் காணாத குட்டி அநாதை என்று எண்ணுகிறோம். முயலின் தாய்மை வேறு வகையானது. அதற்குப் பகைவரை எதிர்க்கக் கொம்பில்லை; குட்டியை ஒளித்துவைக்க வளையுமில்லை. மறைவும் அசைவின்மையுமே அதன் காவல். தாய் குட்டியின் அருகிலேயே இருந்தால் அதன் மணத்தையும் நடமாட்டத்தையும் கொண்டு நரியும் நாயும் குட்டியைக் கண்டுபிடித்துவிடும். ஆகையால், குட்டிகளைத் தனித்தனி இடங்களில் விட்டு, தாய் பகலெல்லாம் விலகியே இருக்கிறது.

ஐரோப்பிய முயலைக் கூர்ந்து ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டனர். பொழுது சாய்ந்தபின், குட்டிகள் தாம் பிறந்த இடத்துக்குத் தாமே வந்து கூடுகின்றன. தாய் அங்கே வந்து சில நிமிடங்களே பால் கொடுக்கிறது. பிறகு எல்லோரும் பிரிந்துவிடுகின்றனர். நாள் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரே வேளை உணவு அவ்வளவுதான். நம் நாட்டு முயலும் அதே குலத்தைச் சேர்ந்தது. குட்டியை ஒளித்துவிட்டு விலகியிருக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது. ஒருவேளைப் பால் ஒரு நாளைக்குப் போதுமாறு அப்பால் மிகவும் செறிவுள்ளதாக அமைந்திருக்கிறது. இந்தச் செறிவைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதனால் தெளிவாவது யாது? காலை 10 மணிக்கு மல்லாட்டைக் கொல்லையில் தனியே படுத்திருக்கும் குட்டி, தாயின் கட்டளைப்படி தன் இடத்தில் இருக்கிறது. நாம் அதனை எடுத்து வந்தால், நாமே அதனை அநாதையாக்குகிறோம்.

எடுக்காமல் காப்பது எப்படி?

குட்டி கொழுகொழுவென்று, கண் தெளிவாக, உடல் சூடாக, அமைதியாக இருக்குமானால் அதை அங்கேயே விட்டுவிடுவதுதான் உத்தமம். அறுவடை நடக்கிற இடமாயின், குட்டியைச் சுற்றி நான்கைந்து முழம் பயிரை அன்று பிடுங்காமல் விடலாம். அவ்வளவு கொடியில் போகும் மல்லாட்டை ஒரு படிகூடத் தேறாது. மறுநாள் காலையில் பார்த்தால் பெரும்பாலும் குட்டி வேறிடத்துக்குப் போயிருக்கும். பிறகு மீதியைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

உழவு எந்திரமோ அறுவடை எந்திரமோ வருவதால் விட்டுவைக்க இயலாதென்றால், கையில் புல்லைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு, புல்லோடு சேர்த்து மெல்ல எடுத்து, சில கெஜ தூரத்துக்குள்ளாகவே வரப்போரம் நிழலும் மறைவும் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். வெகுதூரம் கொண்டுபோகக் கூடாது. தாய் தேடிவரும் வட்டத்துக்குள் அது இருக்கவேண்டும். 'மனிதன் கைபட்டால் தாய் சேர்க்காது' என்னும் நம்பிக்கையால் பலர் குட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகின்றனர். இது அஞ்சத்தக்க காரணமன்று. தாய் அவ்வளவு எளிதில் குட்டியை விட்டுவிடுவதில்லை. ஆனால் அடிக்கடி போய்ப் பார்ப்பது தீங்கு. நம் காலடி மணத்தைப் பின்பற்றி நாய் வரும். ஆள் நடமாட்டம் கண்டு தாய் வராது. அன்றிரவு நாயைக் கட்டிப்போட்டு, மறுநாள் விடியலில் ஒருமுறை பார்த்தால் போதும்.

எங்கள் புன்செயில் அடுத்த ஆண்டும் அவ்வாறே ஒரு குட்டி கிடைத்தது. இம்முறை யாரும் அதைத் தொடவில்லை. நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் செய்துவிட்டு, அப்பால் வேலை பார்த்தோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது குட்டி இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தது. வயிறு உருண்டையாக இருந்தது. அதன் மறுநாள் அங்கே இல்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் முந்தின ஆண்டு மூன்று நாள் கண்விழித்தும் செய்ய முடியாததை, இம்முறை சும்மாயிருந்து செய்தோம்.

வயலை ஓர் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பது வழக்கம். அவ்வாறு செய்தால் உயிர்களெல்லாம் நடுவில் ஒதுங்கிச் சிக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி அறுத்தாலும், ஒரு பக்கமாகவே அறுத்து மறுபக்கம் வழிவிட்டாலும், பெரிய முயலும் காடையும் கௌதாரியும் தப்பி ஓட இடமுண்டு. குட்டி ஓடாது, ஆகையால் எந்திரம் இறங்குமுன் ஒருவர் வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்ப்பது நல்லது.

உண்மையான அநாதை எது?

சில சமயங்களில் உதவி உண்மையாகவே தேவைப்படும். அதற்கு அடையாளங்கள் உண்டு. தாய் முயல் அருகிலேயே வண்டியில் அடிபட்டோ நாய் கடித்தோ இறந்துகிடப்பது. குட்டியின் உடலில் காயம் இருப்பது. ஈ மொய்த்து முட்டையிட்டிருப்பது. உடல் சில்லிட்டுத் துவண்டிருப்பது. வெயிலில் தள்ளாடித் திரிவது. பிடரித்தோலை மெல்லத் தூக்கிவிட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நிற்பது. ஓர் இரவு கழிந்தபின்னும் வயிறு ஒட்டிக் கிடப்பது. இவற்றில் ஒன்றேனும் இருந்தால் குட்டியை எடுக்கலாம்.

பூனை கவ்விய குட்டிக்குக் காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியம் செய்தாகவேண்டும். பூனையின் பல்லிலுள்ள கிருமிகள் சிறு துளை வழியே புகுந்து ஓரிரு நாட்களில் உயிரைப் போக்கிவிடும். ஆனால் வீட்டிலுள்ள மனித மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழியே கொடுத்தால், குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறந்துபோகும். எந்த மருந்து, எவ்வளவு, எவ்வழி என்பதை மிருக வைத்தியரே முடிவு செய்யவேண்டும்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும், நாய்விட்டு வேட்டையாடுவதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பொங்கலை அடுத்த நாட்களில் இளைஞர் கூட்டமாக முயல் வேட்டைக்குப் புறப்படும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. அதுவும் இச்சட்டத்தின்படி குற்றமே. இரக்கத்தால் எடுத்தாலும், எடுத்த செய்தியை வன இலாகாவுக்கு அறிவித்து, அவர்களிடம் ஒப்படைப்பதே முறை. வனச்சரக அலுவலகத்துக்குச் செய்தி சொல்லி, அவர்கள் வரும்வரை உயிரைக் காப்பது மட்டுமே நம் கடமை. அது ஓர் இரவாக இருக்கலாம். விடுமுறை நாளாயின் இரண்டு நாளாகவும் இருக்கலாம். கீழே கூறுவதெல்லாம் அந்த இடைக்காலத்துக்கே உரியது.

முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில் பால்

இவ்வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சில்லிட்ட உடலில் குடல் வேலை செய்வதில்லை. அந்நிலையில் பால் கொடுத்தால், பால் வயிற்றிலேயே கெட்டுப்போய் உயிரைப் போக்கும். ஆகவே சூடேற்றுவதே முதல் உதவி.

மூடியுள்ள மூங்கிற்கூடையோ, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பழைய பருத்தித் துணியை மடித்துப் பரப்பி, மேலே காய்ந்த புல் இடுங்கள். ஒரு குப்பியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துண்டில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். வெப்பம் மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு விலகிக்கொள்ளும். வெயிலில் வைத்துச் சூடேற்றுவதும், அடுப்பங்கரையில் வைப்பதும் ஆகாது.

இங்கே நெசவாள அங்கத்தினருக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மெத்தென்றிருக்கும் என்று எண்ணிக் கழிவு நூலையும் பாவு அறுந்த துண்டுகளையும் கூடையில் போட்டுவிடாதீர்கள். நூல் குட்டியின் நகத்திலும் காலிலும் சுற்றிக்கொண்டு, அது துள்ளத் துள்ள இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஓரம் பிரியாத துணியே தகுந்தது. இரண்டாவது, தறி ஓடும் கூடத்தில் கூடையை வைக்காதீர்கள். நமக்குப் பழகிய தறிச்சத்தம் முயலுக்குப் பேரிடி. அச்சம் மிகுந்தாலும் முயல் பெரும்பாலும் அலறுவதில்லை. கல்லைப் போல அசையாது கிடக்கும். 'எவ்வளவு சாதுவாக இருக்கிறது, பழகிவிட்டது' என்று நாம் நினைப்போம். உள்ளே இதயம் படபடத்து, அந்த அச்சத்தாலேயே அது இறந்துவிடக்கூடும். இருட்டும் அமைதியும் உள்ள பின்னறையே உகந்தது. நாய், பூனை, பிள்ளைகள் ஆகிய மூவரையும் அப்பால் வைக்கவேண்டும்.

எடுக்கும்போது காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்புறத்துக்கடியிலுமாகத் தாங்கி, துணியால் கண்ணை மறைத்து எடுக்கவேண்டும். பின்னங்கால் வலிமை மிக்கது. தொங்கவிட்டால் உதறிக்கொண்டு தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். உண்ணி முதலியன ஒட்டியிருக்கக்கூடும். ஆகையால் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவது அவசியம்.

உடல் சூடேறியபின், கொதித்து ஆறிய நீரில் கரைத்த உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சில துளிகள் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் பொட்டலமே போதும். அதன் பிறகே பால்.

எந்தப் பால், எவ்வளவு?

முன்னே சொன்ன செறிவை இப்போது நினைவுகூர்வோம். முயற்பாலில் கொழுப்பும் புரதமும் தனித்தனியே 100-க்கு 10 பங்குக்கும் மேலாக உண்டு. பசும்பாலிலோ கொழுப்பு சுமார் 4 பங்கு, புரதம் சுமார் 3 பங்கு. ஆனால் பாற்சர்க்கரை பசும்பாலில் ஏறக்குறைய 5 பங்கு. முயற்பாலில் அதனினும் மிகக் குறைவு. அதாவது, குட்டிக்கு வேண்டியது பசும்பாலில் குறைவு; வேண்டாதது அதில் மிகுதி. அதோடு நாம் சர்க்கரையும் கலந்தோம். வயிற்றுப்போக்கு வந்ததில் வியப்பென்ன?

மிருக மருந்துக் கடைகளில் பூனைக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் உரிய பால்மாவு கிடைக்கிறது. பூனைக்குட்டிப் பால்மாவே முயலுக்கு நெருங்கியது. அது கிடைக்காத இரவில், கொதித்து வெதுவெதுப்பாக ஆறிய ஆட்டுப்பாலை நீரோ சர்க்கரையோ சேர்க்காமல் கொடுக்கலாம். ஆட்டுப்பாலும் முற்றும் பொருந்துவதன்று. பசும்பாலை விடச் சற்று எளிதில் செரிக்கும் என்பதே அதன் சிறப்பு.

பாலாடை வேண்டாம். ஊசி நீக்கிய 1 மில்லி அளவுள்ள மருந்துக்குழலோ, கண்மருந்து விடும் குழலோ கொண்டு, துளித்துளியாக, வாயின் ஓரத்தில் விடவேண்டும். குட்டி தன் நான்கு காலிலும் நிற்பது போல, வயிறு கீழாகவே இருக்கவேண்டும். தலை சற்றே உயர்ந்திருக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சளிகட்டிவிடும். எங்கள் முதற்குட்டி இறந்தது இதனாலேயே. அது நக்கி விழுங்கியபின்பே அடுத்த துளி. மூக்கில் பால் தெரிந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்கவேண்டும்.

சுமார் 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிக்கு மேல் கொடுக்கக்கூடாது. காலையும் மாலையுமாக இரண்டு வேளை போதும். தாய் ஒரு வேளையே கொடுக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பசியால் இறக்கும் குட்டியைவிட, அன்பு மிகுந்து ஊட்டியதால் இறக்கும் குட்டிகளே பல. ஊட்டியபின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வாலின் அடியில் மெல்ல ஒற்றி எடுத்தால் சிறுநீரும் சாணமும் கழிக்கும். தாய் நாவால் செய்யும் பணி இது. முதல் சில நாட்களுக்கு இதைச் செய்யாவிட்டால் சிறுநீர் தங்கித் துன்புறும்.

ஒரு வாரம் கடந்த குட்டி தானே புல்லைக் கொறிக்கத் தொடங்கும். அறுகம்புல்லும், அது கிடந்த வயலோரத்துப் புல்லுமே தகுந்த உணவு. பூச்சிமருந்து தெளித்த இடத்துப் புல்லைத் தவிர்க்கவும். முட்டைக்கோசு, ரொட்டி, சோறு, பழம் ஆகியவற்றால் அதன் குடல் கெடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது பாலை மறந்துவிடும்.

மலையடிவாரத்து வழக்கம்

நம் ஊருக்கு இப்பணி புதியதன்று. 1896-ஆம் ஆண்டு இளைஞராக இங்கு வந்து, 1950-ஆம் ஆண்டு வரை இம்மலையை விட்டு நீங்காத இரமண மகரிஷியின் அருகில் அணிலும் குரங்கும் மயிலும் அச்சமின்றி உலவின. பூனையால் தாயை இழந்த அணிற்குஞ்சுகளுக்கு அவரே உணவூட்டிப் பேணிய செய்தியை அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் காண்கிறோம். ஆசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்கும், வள்ளி என்னும் மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காக்கைக்கும் எழுப்பப்பட்ட சமாதிகளை இன்றும் பார்க்கலாம். சிற்றுயிரைப் பேணுவது சிறுபிள்ளைத்தனம் என்று இவ்வூரார் எண்ணியதில்லை.

ஒரு காலத்தில் மரமின்றி வெறும் பாறையும் புல்லுமாய்க் கிடந்த அண்ணாமலையில், 1980-களின் இறுதியிலிருந்து பலர் கூடி மரம் நட்டுவருகின்றனர். கோடையில் மலைப்புல்லில் தீப்பற்றாமல் தடுக்கத் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. புதர் திரும்பிய இடத்துக்கு உயிர்களும் திரும்பும். ஆனால் தீப்பட்டால் பெரிய முயல் ஓடித் தப்பும். அசையாதிருக்கக் கற்ற குட்டி அங்கேயே கருகும். வரப்பிலும் கரும்புக் கொல்லையிலும் தோகைக்குத் தீ வைக்கும் நம் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துச் சிந்திக்கவேண்டும். தோகையை மட்கவிட்டால் நிலத்துக்கு உரம், உயிர்களுக்கும் உயிர்.

திரும்ப விடுதல்

குட்டியைத் தேற்றி மீண்டும் விடும் பொறுப்பு வன இலாகாவுடையது. எனினும் இடம் கேட்டால் சொல்லவேண்டியவர் நாமே. எடுத்த இடத்தின் அருகில், புல்லும் புதரும் உள்ள, நாய் நடமாட்டம் குறைந்த இடமே தக்கது. மாலை மயங்கும் நேரமே உகந்தது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம். கார்த்திகைத் தீப நாட்களிலோ சொல்லவேண்டியதில்லை. அந்நாட்களில் மலையையொட்டி விடுவது தகாது. நிலவில் முயலைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் நாம், அந்த நிலவு நாளில் நிலத்து முயலை ஆட்கூட்டத்தில் விடலாமா?

எங்கள் சங்கத்து நெசவாளர் ஒருவர், வீட்டுப் பின்புறத்தில் நாய்கள் கடித்துப் போட்ட தாய் முயலையும் அதன் அருகே ஒரு குட்டியையும் கண்டார். முதலில் தறிக்கூடத்தில்தான் கூடையை வைத்திருந்தார். செய்தியறிந்து நாங்கள் சென்று பின்னறைக்கு மாற்றினோம். குளிர்ந்திருந்த குட்டியை இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு கரைசலும், இரவில் ஆட்டுப்பாலும் துளித்துளியாகக் கொடுத்தார் அவர் மனைவியார். மறுநாள் பிற்பகலில் வன இலாகா ஊழியர் வந்து எடுத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்து விசாரித்தபோது, அது புல் தின்று வளர்ந்து, காட்டோரத்தில் விடப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த அம்மையார் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "பெயர் வைத்தால் விட மனம் வராது" என்றார். இப்பணியின் சாரம் அதில் அடங்கியிருக்கிறது.

அங்கத்தினர் கடமை

தனி ஒருவர் தம் வயலில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால், அடுத்த வயலின் எந்திரத்தில் குட்டி மாளும். ஒருவர் நாயைக் கட்டிப்போட, மற்றவர் அவிழ்த்துவிட்டால் பயனில்லை. ஊரோடு செய்தால்தான் கைகூடும் காரியம் இது. ஆகையால் அறுவடைக்கு முன் கூடும் நம் சங்கக் கூட்டத்தில் நான்கு செய்திகளை எடுத்துச் சொல்லலாம்: எந்திரம் இறங்குமுன் வயலை நடந்து பார்ப்பது, தனித்த குட்டியைத் தொடாமல் விடுவது, தோகைக்குத் தீ வைக்காதிருப்பது, காயம்பட்ட குட்டியை எடுத்தால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே அறிவிப்பது. அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைச் சங்கப் பலகையில் எழுதிவைத்தால், தேவைப்படும் இரவில் தேடவேண்டியிராது.

முயல் நம் பயிரில் சிறிது தின்கிறது, மறுக்கவில்லை. மல்லாட்டை முளையையும் பயறுத் தளிரையும் அது கொறிப்பதைக் கண்டு வருந்தாத குடியானவர் இல்லை. அதற்கு வேலி போடலாம், காவல் இருக்கலாம். ஆனால் அறுவடை நாளில் கண்முன் கிடக்கும் குட்டி நமக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அது கேட்பதெல்லாம் நான்கு முழக் கொடியும் ஓர் இரவு அமைதியுமே. இருட்டியபின் அதன் தாய் வரும். அந்த வரவுக்கு நாம் இடம் வைத்துவிட்டு வீடு திரும்பினால், அன்றைய அறுவடையில் நமக்கு ஒரு குறையும் நேராது.